குருட்டுக்கொக்குக்குப் பதினோரு நிமிடம்

இது வாட்ச் இல்லை அக்கா. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை, பாருங்கள். வெறும் கறுப்புப் பட்டை. சிங்காநல்லூரில் பஸ் ஏறினதிலிருந்து இதையேதான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருகிறேனா? எனக்கே தெரியவில்லை. மணி கேட்டீர்கள், இல்லையா? ஒன்பதேகால் இருக்கும். பல்லடம் தாண்டிவிட்டோம்.

நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. ஹாஸ்டலில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்த பெண்ணுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. நீங்கள் மதுரைக்குப் போகிறீர்கள். நான் கள்ளிமந்தயம் தாண்டி எங்கள் ஊர்ப் பிரிவில் இறங்கிவிடுவேன். இனிமேல் நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் சொல்ல வருகிறது என்று நினைக்கிறேன். நீங்களும் என் முகத்தைப் பார்க்காமல் முன்பக்கம் பார்த்தபடியே கேட்கிறீர்கள். எனக்கு அது வசதியாக இருக்கிறது.

கோயம்புத்தூரில் பழைய மில் குடோன் ஒன்றில் 'வனம்' என்று ஒரு காட்சி நடந்தது. டவுன் பஸ் பின்னாலெல்லாம் யானை படம் ஒட்டியிருந்தார்களே, அது. சினிமா இல்லை அக்கா. சினிமாவில் நாம் வெளியே உட்கார்ந்திருப்போம். இதில் உள்ளே போய் நடக்க வேண்டும். எழுபது அடிச் சுவர், நான்கு பக்கமும், காலுக்குக் கீழே தரையும், எல்லாமே படம்தான். கூரையில் நாற்பது ப்ரொஜெக்டர். யானைக் கூட்டம் ஒரு சுவரில் நுழைந்து அடுத்த சுவர் வழியாக நடந்து போகும், ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். தரையில் திமிங்கிலம் போகும். நீங்கள் அதன் முதுகு மேல் நிற்பீர்கள். சுவரில் கையை வைத்தால் கை வைத்த இடத்தில் பூப் பூக்கும். கூரையில் கருவிகள் இருக்கின்றன. யார் எங்கே நிற்கிறார்கள், நடக்கிறார்களா, நிற்கிறார்களா என்று அவை பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குத் தகுந்தபடி மிருகங்கள் வரும், போகும்.

அங்கே நான் என்ன செய்தேன் என்றால், முதலில் மிருகங்களுக்கு நடை சொல்லிக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். காட்சி திறப்பதற்கு முன்னால் அவர்கள் செய்து வைத்திருந்த யானை குதிரை மாதிரித் தாவித் தாவிப் போனது. யாரோ பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். உடனே விலங்கியல் படித்த ஆள் வேண்டும் என்று எங்கள் கல்லூரிக்குக் கேட்டு அனுப்பினார்கள். பேராசிரியை என்னை அனுப்பி வைத்தார். "இவ வாய் பேச மாட்டா, ஆனா கண்ணுல ஒண்ணும் தப்பாது" என்று போனில் சொன்னாராம். உண்மைதான். எனக்கு எதுவும் தப்பாது. யானை முன்கால் வைத்த தடத்தை ஒட்டித்தான் பின்காலை வைக்கும், அதனால்தான் அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் போகிறது என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். மயில் தோகையை விரிக்கும்போது எல்லாரும் முன்பக்கத்தையே செய்வார்கள், பின்பக்கம் எப்படி இருக்கும் என்று நான்தான் வரைந்து கொடுத்தேன்.

நான் எழுதிக் கொடுப்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்க வைக்கிறவர் திருமூர்த்தி. உடுமலைக்காரர். வந்து நான்காவது நாளே என்னைப் பேச வைத்தவர் அவர் ஒருவர்தான். அதுகூட எப்படி என்றால், வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் செய்து காட்டுவார். "ஏனுங்க வாணி, புலி இப்பிடித்தானுங்களே வாலை ஆட்டும்?" என்று நாய் மாதிரி ஆட்ட விடுவார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்லைங்க" என்பேன். "அப்ப எப்பிடிங்க?" என்பார். அதற்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். வேலை விஷயம் ஆயிற்றே.

என் முழுப்பெயர் கோகிலவாணி. அங்கே எல்லாரும் கோகி என்றார்கள். அவர் மட்டும்தான் வாணி என்பார்.

பறவைகளுக்காக நான் சிங்காநல்லூர் குளத்துக்குக் காலையில் போவேன். ஆறு மணிக்குக் கரையில் ஒரு கல் மேல் நோட்டோடு உட்கார்ந்தால் எட்டு மணி வரைக்கும். நீங்கள் குருட்டுக்கொக்கு பார்த்திருப்பீர்கள். வாய்க்கால் ஓரத்தில், சேற்று நிறத்தில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்குமே, அதுதான். பக்கத்தில் போய்க் காலை வைக்கிற வரைக்கும் அசையாது. அதனால் அதற்குக் கண் தெரியாது என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குத்தான் அக்கா எல்லாம் தெரியும். நின்ற இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். பறக்கும்போது பார்க்க வேண்டும். அதுவரைக்கும் சேறு மாதிரி இருந்தது, இறக்கையை விரித்ததும் அப்படியே வெள்ளையாகிவிடும். உள்ளே ஒளித்து வைத்திருந்த மாதிரி.

நான் ஒன்று கண்டுபிடித்தேன். நாம் போனதும் அது நாலு அடி தள்ளிப் போய்விடும். ஆனால் நாம் அசையாமல் இருந்தால் திரும்பி வரும். நம் பக்கத்திலேயே வந்து மீன் பிடிக்கும். இருபத்திரண்டு நாள் நேரம் குறித்தேன். கொஞ்சம் முன்னே பின்னே பதினோரு நிமிடம். ஒரு ஆள் என்ன செய்யப் போகிறான் என்று அது முடிவு பண்ணப் பதினோரு நிமிடம் ஆகிறது.

அந்த நாட்களில் மூர்த்தியும் வருவார். நடை பார்க்க வேண்டும், மொபைலில் எடுத்துக்கொள்கிறேன் என்பார். என்னிலிருந்து பத்தடி தள்ளி நிற்பார். கொசு கடிக்கும், கையைத் தூக்கி அடிக்க மாட்டார். பத்தாவது நிமிடம் போய்ப் பதினோராவது நிமிடம் கொக்கு வந்ததும் தலையைத் திருப்பாமல் வாயோரத்தில் மட்டும் சிரிப்பார். மொபைல் சட்டைப்பையிலேயே இருக்கும். பறவை என்றால் அவ்வளவு பிரியம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கொக்கைக் காட்சியில் வைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். மீட்டிங்கில் சஞ்சய் சார் படித்தார். அவர்தான் முதலாளி மாதிரி, சென்னையிலிருந்து வருவார்.

"பதினோரு நிமிஷம் நிக்கணுமா? மக்கள் எட்டு செகண்ட் ஒரு இடத்துல நிக்க மாட்டாங்கம்மா. அப்புறம் இது என்ன கலர், சேறு மாதிரி?"

மூர்த்திதான், "பறக்கும்போது வெள்ளைங்க சார்" என்றார்.

"பறக்கிறதைப் பாக்கறதுக்குப் பதினோரு நிமிஷமா? தூங்கிருவாங்கய்யா ஜனங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் நோட்டை மூடினேன். கொக்கை எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பட்டை கதையைச் சொல்லுகிறேன் என்று எங்கேயோ போய்விட்டேன். திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை. வேலை செய்கிறவர்கள் முப்பது பேரும் உள்ளே போய் நடந்து பார்க்க வேண்டும். பட்டாம்பூச்சிகளுக்கு மூர்த்தி ஒரு விதி வைத்திருந்தார். ஹாலில் யார் அசையாமல் இருக்கிறார்களோ அவர்கள் மேல் போய் உட்கார வேண்டும். எல்லாரும் ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். நான் ஓரமாக நின்றிருந்தேன். வெள்ளைச் சுடிதார் வேறு. என்ன ஆயிற்று தெரியுமா? நாலு சுவரிலிருந்தும் நானூறு பட்டாம்பூச்சியும் கிளம்பி என் மேல் வந்துவிட்டன. தலையிலிருந்து கால் வரைக்கும். மஞ்சளும் நீலமுமாக நான் மட்டும் எரிகிற மாதிரி இருந்தது. முப்பது பேரும் திரும்பினார்கள். கைதட்டினார்கள். மொபைலைத் தூக்கினார்கள். ஷகிலா அக்கா, அவர்தான் எங்களுக்குச் சூப்பர்வைசர், "ஏண்டி, உனக்கு இப்பவே கல்யாணக் களை வந்துருச்சு" என்று கத்தினார்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள். எல்லாரும் பார்த்தால் எனக்கு அப்படித்தான்.

மறுநாள் மூர்த்தியிடம் நானாகப் போய்ப் பேசின முதல் பேச்சு அதுதான். "என் மேல எதுவும் வராத மாதிரி பண்ண முடியுமாங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பண்ணலாம்ங்க. ஆனா எதுக்குங்க?" என்றார். இரண்டு நாளில் இந்தப் பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். இதற்குள்ளே ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. கூரையில் இருக்கும் கருவி இதைப் பார்த்தால், இது ஆள் இல்லை, விட்டுவிடு என்று எடுத்துக்கொள்ளும். "இதைக் கட்டிக்கிட்டா நீங்க அங்க இல்லைன்னு அது நெனச்சுக்கும்" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பின்னால் ஒன்று என்று நம்பர் போட்டிருக்கிறது பாருங்கள். முதலில் செய்தது இதுதான். சஞ்சய் சார் பார்த்துவிட்டு, நல்ல யோசனை, டிக்கெட் எடுத்தவனை விட்டுவிட்டு மிருகம் நம் ஆட்கள் பின்னால் போகக்கூடாது, எல்லாருக்கும் கட்டுங்கள் என்றார். அப்புறம் கதவிலேயே பட்டை, கையெழுத்து, உள்ளே போவது என்று ஆகிவிட்டது. என்னால்தான் அந்தப் பழக்கமே வந்தது.

தை மாதம் திறந்தார்கள். திறந்ததும் என் வேலை முடிந்துவிட்டது. ஹாலுக்குள் நின்று ஆட்களைப் பார்த்துக்கொள்ள இருக்கிறாயா என்று கேட்டார்கள். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இதற்கா என்று வீட்டில் திட்டினார்கள். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று இருந்தேன். வேறு எதற்காகவும் இல்லை. ஷகிலா அக்காதான் சும்மா சும்மா, "சர்வர் ரூம் கதவைப் பாத்த மாதிரியே நிக்கிறியே, ஆளுக தெக்க இருக்காங்க" என்பார். சர்வர் ரூமில்தான் மூர்த்தி இருப்பார். ஏசி காற்று அந்தப் பக்கம் வரும், அதனால் நிற்பேன்.

நின்று நின்று ஜனங்களைப் பார்த்தேன். ஆண்கள் புலிப் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். புலி உறுமியதும் முதலில் பின்னால் வருகிறவர்களும் அவர்கள்தான். குழந்தைகள் திமிங்கிலத்தின் மேல் படுத்துக்கொள்ளும். வயதானவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் தண்ணீரில் கால் வைப்பார்கள், படத்துத் தண்ணீர் என்று தெரிந்தும். சஞ்சய் சார் சொன்னது சரிதான். எட்டு செகண்டுக்கு மேல் ஒருவரும் நிற்கவில்லை.

பங்குனி மாதம் மூர்த்திக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. சொல்லவே இல்லை, ஷகிலா அக்கா சொல்லித்தான் தெரியும். போவதற்கு மூன்று நாள் முன்னால் சாப்பாட்டு வேளையில் என்னிடம் வந்தார். டிபன் பாக்ஸை மூடி மூடித் திறந்துகொண்டே பேசினார்.

"வாணி, தெக்கு மூலையில தீயணைக்கிற சிலிண்டர் இருக்குதுங்களே, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு வெச்சிருக்கேன். சஞ்சய் சாருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நீங்க சொன்ன பதினோரு நிமிஷத்தை நான் குறைக்கலைங்க. அப்படியே இருக்குது. ஒருக்கா நின்னு பாருங்க."

"என்ன இருக்குதுங்க?"

"நின்னா தெரியும். பாத்துட்டு எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. எந்தப் பதில்னாலும் சரிங்க."

செவ்வாய்க்கிழமை காட்சி கிடையாது. பராமரிப்பு நாள். ப்ரொஜெக்டரும் கூரைக் கருவிகளும் மட்டும் ஓடும். காலை ஒன்பது மணிக்கே போனேன். கதவில் கையெழுத்துப் போட்டேன், பட்டையைக் கட்டினேன், உள்ளே போனேன். ஹாலில் ஒருவரும் இல்லை. மூலையில் போய் நின்றேன். அக்கா, பதினோரு நிமிடம் எனக்கு ஒன்றுமே இல்லை. குளத்தில் இரண்டு மணி நேரம் உட்காருகிறவள். மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன். பதினோரு நிமிடம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. நான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று இன்னொரு பதினோரு நிமிடம் நின்றேன். யானை போயிற்று, திரும்பி வந்தது. அரை மணி நேரம். அப்புறம் முக்கால் மணி நேரம். கால் மரத்துப் போய்விட்டது. சுவரில் வெறும் இலைதான் ஆடிக்கொண்டிருந்தது. நான் நிற்பதை யாரோ சர்வர் ரூம் கேமராவில் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. மீட்டிங்கில் சிரித்தார்களே, அந்த மாதிரி. இந்தப் பெண்ணை நிற்கச் சொன்னால் நாள் முழுக்க நிற்கும் என்று.

மறுநாள் மூர்த்தி கேட்டில் நின்று கேட்டார். "பாத்தீங்களா?"

"நின்னு பாத்தேன்" என்றேன். "இந்த மாதிரி விளையாட்டெல்லாம் எங்கிட்ட வேண்டாங்க."

எனக்கே தெரியாது என்னிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று. அவர் முகம் எப்படி மாறிற்று என்று நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "சரிங்க வாணி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். செருப்பு போய்விட்டது. வியாழக்கிழமை எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். எனக்கு ஷகிலா அக்காவிடம் கொடுத்து அனுப்பினார்.

ஐந்து மாதம் நான் அவர் மேல் கோபமாக இருந்தேன். நல்ல கோபம். காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் வரும். ஏமாற்றிவிட்டாரே, எல்லார் மாதிரியும்தானே இவரும் என்று. அந்த மூலைப் பக்கமே போகமாட்டேன்.

நடுவில் ஒன்று நடந்தது. ஆனி மாதம் ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்திருந்தார். குழந்தை அழுதது. பால் கொடுக்க இடம் இல்லையா என்று கேட்டார். தெற்கு மூலையில் இருட்டாக இருக்கும், அங்கே உட்காருங்கள் என்று காட்டினேன். கால் மணி நேரம் கழித்து வந்து, "அந்தக் கொக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. குழந்தையைத் தூங்க வெச்சுருச்சு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இங்க கொக்கே கிடையாதுங்க. யானை மேல வெள்ளையா ஒண்ணு உக்காந்திருக்கும், அதைப் பாத்திருப்பீங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

போன வாரம் குரூப்பில் மூர்த்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. வருகிற புதன்கிழமை. உடுமலையில். எல்லாரும் பூங்கொத்துப் படம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

முந்தாநாளோடு காட்சி முடிந்தது. ஹைதராபாத்துக்குப் போகிறது, வேறு படங்களோடு. நேற்றுக் காலையில் எல்லாரும் வந்து பட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். போட்டேன். ஷகிலா அக்கா கட்டிப்பிடித்து அழுதார். "எங்க போனாலும் கொஞ்சம் வாயைத் தொறடி" என்றார். வெளியே வந்த பிறகுதான் முந்தின நாள் உள்ளே விட்டுவிட்ட சாப்பாட்டுப் பை ஞாபகம் வந்தது. சிலிண்டர் மாட்டுகிற ஆணியில், தெற்கு மூலையில், வேறு யாரோ எடுத்து மாட்டிவிட்டிருந்தார்கள்.

உள்ளே போனேன். இரண்டு பேர் ஏணி போட்டு வடக்குச் சுவர் ப்ரொஜெக்டர்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற சுவர்கள் ஓடிக்கொண்டிருந்தன. யானைக் கூட்டம் வந்து வடக்குச் சுவரில் பாதியில் அறுந்து அறுந்து இருட்டுக்குள் போயிற்று. கடைசி யானை போகட்டும் என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது சுவரிலிருந்து ஒரு மின்மினி வந்து என் புறங்கையில் உட்கார்ந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. கையைப் பார்த்தேன். பட்டை இருந்த இடம் வெள்ளையாக, ஒரு வளையம் மாதிரி, இப்போது தெரிகிறது பாருங்கள், அப்படித் தெரிந்தது.

அக்கா, எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து மாதம் கழித்து. செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் நின்றேனே, நான் அங்கே இல்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்ட பட்டை. தோடு மாதிரி, மூக்குத்தி மாதிரி, கட்டியிருப்பதே மறந்து போயிற்று.

ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடவில்லை. நின்றேன். அன்றைக்கு நின்ற மாதிரியே. ஏணி வடக்குச் சுவரை முடித்துவிட்டுக் கிழக்குக்கு வந்தது. மூன்று நிமிடம் இருக்கும். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கிழக்கில் காடு அணைந்தது. அருவி அணைந்தது. ஆறு நிமிடம். ஒரு ஆள் ஸ்குரூ கீழே போட்டுவிட்டுத் தேடினான், அதில் ஒரு நிமிடம் கிடைத்தது. மேற்கில் புலியை இறக்கினார்கள். ஒன்பது. தெற்குச் சுவரும் நான் நிற்கிற தரையும்தான் மிச்சம். ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரும்புக் கால் தரையில் இழுபடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

வந்தது. இலைகளுக்குள்ளேயிருந்து வெளியே வந்து, சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, ஒரு காலை எடுத்து வைத்து, யோசித்து, அடுத்த காலை வைத்து. சேற்று நிறம். நான் எழுதிக் கொடுத்த நடை, ஒரு எழுத்துகூட மாறவில்லை. என் காலுக்குப் பக்கத்தில் வந்து கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. அது நின்றதும் தெற்குச் சுவர் முழுக்க விடிந்தது. எழுபது அடிக்குச் சிங்காநல்லூர் குளம். கரையில் கல் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நோட்டு. மஞ்சள் துப்பட்டா, என்னுடையதுதான், ஓரத்தில் கிழிந்து நான் தைத்திருந்தேன், அந்தத் தையல்கூட இருந்தது. அவளிலிருந்து பத்தடி தள்ளி ஒரு ஆள் நிற்கிறான். தண்ணீரைப் பார்த்தபடி. கொசு சுற்றுகிறது, அவன் அடிக்கவில்லை.

என்னை யாராவது அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது அக்கா. நான்தான் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த ஆள், அத்தனை நாளும் திருப்பாத தலையை, மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தான். அவள் பக்கமாக.

"ஏம்மா, இந்த மூலையும் எறக்கிரட்டுங்களா?"

ஏணிக்காரர். நல்ல மனிதர்தான். இரண்டு தடவை கேட்டார். வேண்டாம், ஒரு நிமிடம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டு மாதமாக யார் எதைக் கேட்டாலும் தலையாட்டியே பழக்கம். ஆட்டிவிட்டேன்.

அசைந்தால் பறந்துவிட வேண்டும். அது நான் எழுதிக் கொடுத்த விதிதான். கொக்கு எழும்பியது. என் தலைக்கு மேல், சுவர் முழுக்க, அவ்வளவு வெள்ளை. எனக்குக் கண் கூசிற்று. குளம் இல்லை, கல் இல்லை, அவள் இல்லை, அவன் இல்லை. எல்லாம் வெள்ளை இறக்கை. அப்புறம் ஏணிக்காரர் ப்ளக்கைப் பிடுங்கினார்.

படத்தில் மூர்த்தி திரும்பி என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் வந்தாரா, ஏதாவது சொன்னாரா, எனக்கு அது தெரியாது. அந்த மிஷினை அழித்துவிட்டுத்தான் ஹைதராபாத் அனுப்புகிறார்களாம். வெளியே வரும்போது அட்டைப்பெட்டியிலிருந்து என் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். திருட்டுத்தான்.

கழற்றிவிட்டு நில் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். கேட்டு வாங்கினவளுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார், அதுவும் சரிதான். ஒன்றும் வரவில்லையே என்று நான் கேட்டிருக்கலாம் என்கிறீர்களா? எப்படிக் கேட்பது? எல்லாம் இந்தப் பட்டையால்தான் அக்கா. இது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

போன் நம்பர் இருக்கிறது. ஆமாம், இந்த மொபைலில்தான். வேண்டாம் அக்கா. என்னவென்று சொல்வேன்? புதன்கிழமை முகூர்த்தம். பத்திரிகையில் அந்தப் பெண் பெயர் ஹேமலதா என்று போட்டிருக்கிறது. அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு வேண்டுமானால் போகலாம் என்று இருக்கிறேன். பின்னால் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

இது என்ன ஊர்? கள்ளிமந்தயம் போயிற்றா? எப்போது? அடுத்ததுதான் எங்கள் பிரிவு. கண்டக்டர் முன்னால் நிற்கிறாரே. சொன்னேன் அக்கா, இப்போது சொன்னேனே, உங்களுக்கே கேட்கவில்லையா? கையையும் தூக்கினேன். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதோ போகிறது பாருங்கள், அந்தப் புளியமரம், அதுதான். இல்லை இல்லை, நீங்கள் சத்தம் போட வேண்டாம். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பரவாயில்லை. ஒட்டன்சத்திரத்தில் நிறையப் பேர் இறங்குவார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் இறங்கிக்கொள்கிறேன்.